கொடும்பாளூர் மணிகிராமம்: சங்க நிர்வாகிகளின் பொறுப்பு, அன்றும் இன்றும்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கொடும்பாளூர் வரும். பேருந்தில் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைக் கவனிப்பதே இல்லை. கவனித்து இறங்குகிறவர்கள் மூவர் கோயிலைப் பார்க்க வந்தவர்களாக இருப்பார்கள். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னன் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று கற்றளிகள் அவை. இன்று இரண்டுதான் முழுதாக நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து விடுவார்கள்.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு முகமும் இருந்தது. இடைக்காலத் தமிழகத்தில் கொடும்பாளூர் என்றால் கோயில் மட்டுமல்ல, ஒரு சங்கத்தின் பெயரும்கூட. "கொடும்பாளூர் மணிகிராமத்தார்" என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே அந்த வணிகர்கள் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறார்கள். இன்று ஒரு தொழிற்சங்கத்தின் "விராலிமலை கிளை" என்று சொல்வதைப் போல! அந்தக் கிளையை நடத்தியவர்கள் யார், அவர்கள் தலையில் இருந்த பொறுப்புகள் என்ன, இன்றைய தொழிற்சங்கக் கிளை நிர்வாகிகளோடு அவர்களை ஒப்பிட முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பெயர். மணிகிராமம் என்றவுடன் ஏதோ ஒரு கிராமம் என்று நினைத்துவிடக் கூடாது. "வணிக் கிராமம்" என்ற வடசொல்லே தமிழில் மணிகிராமம் என்று திரிந்தது என்பது அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். இங்கே கிராமம் என்றால் கூட்டம், குழு. (மணிகிராமத்தார் என்பவர்கள் கிறிஸ்தவர்கள், மானிக்கேயர்கள் என்றெல்லாம் ஒரு காலத்தில் எழுதினார்கள். அது நிற்கவில்லை.) இந்தச் சொல் தமிழகத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. மேற்கு இந்தியாவில் விஷ்ணுசேனன் என்ற அரசன் கி.பி. 592இல் கொடுத்த சாசனம் ஒன்று, அங்கிருந்த வணிக் கிராமத்தாரின் வேண்டுகோளின்பேரில் 72 விதிகளை எழுதிக் கொடுக்கிறது. மகன் இல்லாமல் இறந்தவனின் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு சங்கம் அரசனிடம் போய்ப் பேசி, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், கையெழுத்து... இன்றைய சங்கச் செயலாளருக்குப் பழகிப்போன வேலைதான்!

தமிழகத்தில் மணிகிராமம் ஊர் ஊராக இருந்தது. உறையூர் மணிகிராமம் உண்டு, காவிரிப்பூம்பட்டினத்து மணிகிராமம் உண்டு, கொடும்பாளூர் மணிகிராமம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே "தலைமை அலுவலகம்" என்று ஒன்று இருந்ததாகக் கல்வெட்டுகள் சொல்வதில்லை. எனவே கிளை என்று நாம் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். மரத்திலிருந்து பிரிந்த கிளைகள் அல்ல இவை. ஒரே பெயரைத் தாங்கிய தனித்தனி மரங்கள் என்று சொன்னால் பொருந்தும். தேவைப்பட்டபோது கூடினார்கள், கூடி முடிவெடுத்தார்கள், கலைந்தார்கள். பிற்காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவின் கூட்டங்களில் மணிகிராமத்தாரும் ஓர் உறுப்பாகச் சேர்ந்துகொண்டார்கள். (ஐந்நூற்றுவரின் தொடக்கம் கர்நாடகத்து ஐஹொளெ.) இன்றைய மொழியில் சொன்னால், சங்கம் ஒரு கூட்டமைப்பில் இணைந்துவிட்டது.

சரி, இத்தனை ஊர் இருக்கக் கொடும்பாளூரில் ஏன் ஒரு சங்கம்? கடற்கரையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. பதில் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில், கொடும்பைக் குளக்கரைக்குப் போனால் பாதை மூன்றாகப் பிரியும், சிவன் கையிலுள்ள சூலம் போல, என்று ஒரு மறையவன் வழி சொல்கிறான். இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கமாகப் போகிறது. மூன்றும் கடைசியில் போய்ச் சேருவது மதுரைக்குத்தான். ஆக, சோழநாட்டிலிருந்து பாண்டிநாட்டுக்குப் போகும் எந்தச் சரக்கும் இந்த முச்சந்தியைத் தொட்டாக வேண்டும்.

முச்சந்தி என்றால் லாபம் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. சோழருக்கும் பாண்டியருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் அது. பாண்டியன் ராசசிம்மன் கொடும்பையில் போரிட்டதைச் சின்னமனூர்ச் செப்பேடு சொல்கிறது. இருக்குவேளிர் சோழர் பக்கம் நின்றார்கள், பெண் கொடுத்தார்கள். பூதி ஆதித்த பிடாரி என்ற இருக்குவேளிர் குலப் பெண், முதலாம் பராந்தகன் மகன் அரிகுலகேசரியை மணந்தாள். இப்படிப்பட்ட எல்லை ஊரில் மூட்டை முடிச்சோடு ஒருவன் தனியாக நடந்து போனால் என்ன ஆகும்? கள்ளர் பயம், சுங்கக்காரன் பயம், படை வந்தால் மாடும் போகும் சரக்கும் போகும். சேர்ந்து போனால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில்தான் சங்கம் பிறக்கிறது. எந்தக் காலத்திலும் சங்கம் பிறப்பது இப்படித்தான்.

இனி நிர்வாகிகளைப் பார்ப்போம்.

இங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், பொருளாளர் இன்னார் என்று எந்தக் கல்லும் பட்டியல் கொடுப்பதில்லை. கல்வெட்டில் பேசுவது எப்போதும் "மணிகிராமத்தோம்", "நகரத்தோம்" என்ற பன்மைக் குரல்தான். பொறுப்பு முழுக் கூட்டத்தின் மீதும் இருந்தது. ஆனாலும் சில பதவிகள் அங்கங்கே எட்டிப் பார்க்கின்றன. நகரம் எனப்பட்ட வணிக ஊர்ச் சபைகளில் "நகரக் கணக்கு" என்ற கணக்கர் இருந்தார். சபையின் முடிவை ஓலையில் எழுதிக் கையெழுத்திட்டவர் அவர். மத்தியஸ்தன் என்ற பொதுவான ஆளும் உண்டு. செட்டி, நாட்டுச் செட்டி என்ற பட்டங்கள் உண்டு.

மிக அழகான சான்று கடல் தாண்டிக் கிடைத்தது. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியில், லோபு துவா என்ற இடத்தில், கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருந்தது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் வெட்டியது அது. அதில் "நகர சேனாபதி நாட்டுச் செட்டியார்" என்ற பதவிப் பெயர் வருகிறது. இவர்களை "நம் மகனார்" என்று சங்கம் அழைக்கிறது. மரக்கல நாயன் முதலானோர் கஸ்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. சந்தா கட்டினால்தான் உறுப்பினர் உரிமை என்பதன் 11ஆம் நூற்றாண்டு வடிவம் இது! "நம் மகனார்" என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. நிர்வாகி சங்கத்தின் எஜமானன் அல்ல, சங்கத்தின் பிள்ளை என்ற பொருள் அதில் தொனிக்கிறது. (எத்தனை சங்கங்களில் இது தலைகீழாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

இந்த நிர்வாகிகள் செய்த வேலைகளில் முதலாவது பணம் திரட்டுவது. கொடும்பாளூருக்குத் தெற்கே உள்ள பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினெண் விஷயத்தார் என்ற பெயரில் பல ஊர் வணிகர்களும் கூடி, கோயில் திருப்பணிக்காகத் தங்கள் சரக்குகளின் மீது தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டதை அது சொல்கிறது. உப்பு, நெல், அரிசி, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரி, யானை, குதிரை... படித்தால் மூச்சு வாங்கும். இதில் வியப்பு சரக்குகளின் நீளம் அல்ல. அளவுகளின் நுணுக்கம்தான். வண்டிச் சுமைக்கு ஒரு கணக்கு, கழுதைப் பொதிக்கு ஒரு கணக்கு, தலைச்சுமைக்கு ஒரு கணக்கு. பெரிய வியாபாரிக்கும் தலையில் சுமந்து விற்பவனுக்கும் ஒரே தொகை என்று விதித்துவிட்டுப் போகவில்லை.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று தட்டுப்படும். இது பொது நிதி அல்ல, குறிப்பிட்ட நோக்கத்துக்கு ஒதுக்கிய நிதி. எதற்காக வசூலித்தார்களோ அதற்கு மட்டும்தான் செலவழிக்க முடியும். இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தபோது அதன் 15ஆம் பிரிவும் இதே காரியத்தைத்தான் செய்தது. சங்கத்தின் பொது நிதியை என்னென்ன செலவுக்குப் பயன்படுத்தலாம் என்று வரிசைப்படுத்தியது. நிர்வாகிகளின் சம்பளம், அலுவலகச் செலவு, வழக்குச் செலவு, உறுப்பினருக்கு விபத்து, நோய், முதுமை, வேலையின்மை வந்தால் உதவி. அரசியல் செலவு செய்ய வேண்டுமா? அதற்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதில் பணம் போடும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது 16ஆம் பிரிவு. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், உறுப்பினர் கேட்டால் கணக்குப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். மணிகிராமத்தாருக்குப் பதிவாளர் கிடையாது. ஆனால் கோயில் சுவர் இருந்தது. எல்லோரும் வந்து போகும் இடத்தில், யாரும் அழித்துத் திருத்த முடியாதபடி கல்லில் வெட்டி வைத்தார்கள். எந்த ஆடிட்டரும் அதற்கு மேல் கேட்க முடியாது.

இரண்டாவது பொறுப்பு பொதுச் சொத்துக் காவல். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் ஒரு சிறு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாங்கூர் உடையான் ஒருவன் தோண்டிய "அவனிநாரணம்" என்ற குளத்தை மணிகிராமத்தார், சேனாமுகத்தார் உள்ளிட்டோரின் காவலில் விட்டதாக அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். குளம் வெட்டுவது ஒருநாள் புகழ். அதைத் தூர் வாரி, கரை உடையாமல் பார்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையான வேலை. ஒரு தனி மனிதனை நம்பி அதை ஒப்படைக்க முடியாது. ஆள் செத்தாலும் சாகாத ஓர் அமைப்பு வேண்டும். அதற்காகத்தான் சங்கத்தின் பெயரில் எழுதினார்கள். புதுக்கோட்டை வட்டாரத்திலேயே முனசந்தையில் ஐந்நூற்றுவர் பெயரைத் தாங்கிய பேரேரி ஒன்று 10ஆம் நூற்றாண்டில் இருந்தது. வறண்ட பூமியில் வணிகனுக்கும் மாட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?

பாதுகாப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். வணிகக் குழுக்கள் வீரர்களை வைத்திருந்தன. எறிவீரர், முனைவீரர், வீரகொடியார் என்று அவர்களுக்குப் பல பெயர்கள். வணிகரைக் காத்து நின்ற வீரர்களைச் சிறப்பித்துச் சில ஊர்களையே "எறிவீரபட்டினம்" என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நத்தத்துக்கு அருகிலுள்ள சமுத்திராபட்டியில் அப்படி ஒரு கல்வெட்டு உண்டு. நத்தம் கொடும்பாளூரிலிருந்து மதுரைக்குப் போகும் காட்டு வழிப் பகுதிதான். கூலிக்கு வந்த வீரனின் துணிச்சலைச் சங்கம் மறக்காமல் கல்லில் பதித்தது என்பது நல்ல விஷயம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேரப் பெருமாள் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849இல், வேணாட்டு அய்யன் அடிகள் கொடுத்தது. சபீர் ஈசோ எடுப்பித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்குகிறது. எழுத்து வட்டெழுத்து. சாட்சிகளின் கையெழுத்தோ அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில். ஒரே ஆவணத்தில் பாதி உலகம் கையெழுத்துப் போட்டிருக்கிறது! இந்தச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிகிராமம் ஆகிய இரண்டு வணிகக் குழுக்களுக்கும் பெரிய பொறுப்புகள் தரப்படுகின்றன. அறுநூற்றுவரோடு சேர்ந்து பள்ளியையும் அதன் நிலத்தையும் காக்க வேண்டும். உல்கு (அதாவது சுங்கம்), விலை நிர்ணயம் ஆகியவற்றில் அரசு ஆட்கள் தன்னிச்சையாக நடக்க முடியாது, இந்தக் குழுக்களையும் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். இது கொல்லத்து மணிகிராமம், கொடும்பாளூர்க்காரர்கள் அல்ல. ஆனால் மணிகிராமம் என்ற அமைப்பு எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறு இல்லை.

அதில் ஒரு விதி வருகிறது. இவர்களுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், உல்கையும் துலாக்கூலியையும் கொடுக்காமல் தடுத்து நிறுத்தி, தங்கள் குறையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம்!

இதை இரண்டு முறை படிக்க வேண்டும். துலாக்கூலி என்பது தராசுக் கட்டணம். அதுவும் சுங்கமும் அரசின் வருமானம். "நீ எங்களுக்கு அநியாயம் செய்தால் உன் வருமானத்தை நிறுத்துவோம்" என்று சொல்லும் உரிமையை, அந்த வருமானத்தைப் பெறுகிற ஆட்சியாளனே செப்பேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வேலைநிறுத்தம் என்ற சொல் அன்று இல்லை. ஆனால் கையில் இருப்பதைக் கொடுக்காமல் நிறுத்தி நியாயம் கேட்பது என்ற கருத்து இருந்தது, சட்டப்படி இருந்தது. அதை எப்போது பயன்படுத்துவது, எப்போது அடக்கி வாசிப்பது என்று முடிவெடுப்பதுதான் சங்கத்தை நடத்தியவர்களின் தலையாய பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அரசனின் பகை, தயங்கினால் உறுப்பினரின் நட்டம்.

இந்த உரிமை தொழிலாளிக்கு எப்போது கிடைத்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. முன்னணியில் நின்றார். ஆனால் விதை போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும். இருவரும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைப் பக்கம் கடை வைத்திருந்த சிறு வணிகர்கள். ஆலைத் தொழிலாளர்கள் கடைக்கு வந்து சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. வணிகர் சங்கத்தில் தொடங்கிய கதை தொழிலாளர் சங்கத்துக்கு வரும்போது, நடுவில் ஒரு கடைத்திண்ணை இருப்பது வேடிக்கையான பொருத்தம்தான்.

1920இன் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் தகராறு வந்து கதவடைப்பு ஆனது. ஆலையை நடத்திய பின்னி நிறுவனம், தொழிலாளர்களை வேலைக்கு வராமல் தூண்டினார்கள் என்று வாடியா முதலிய சங்க நிர்வாகிகள் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் நிர்வாகிகளுக்குத் தடை உத்தரவு பிறப்பித்தது. நட்டஈடும் கேட்கப்பட்டது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. அதாவது, கி.பி. 849இல் மணிகிராமத்துக்குச் செப்பேட்டில் கொடுத்த உரிமை, 1,071 ஆண்டுகள் கழித்து 1920இல் ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. உழைப்பைத் தவிர வேறு எதையும் நிறுத்தி வைக்க அவனிடம் இல்லாதபோதும் இல்லை. தொழிலாளிக்காகப் பேசிய நிர்வாகி சொந்தச் சொத்தை இழக்கும் நிலை இருந்தது. இந்த வழக்கு நாடு முழுக்க அதிர்ச்சியைக் கொடுத்தது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து, 1927 ஜூன் 1 முதல் நடைமுறையானது. பதிவு செய்த சங்கத்தின் நிர்வாகிகள் மீது, தொழில் தகராறு காரணமாக அப்படி வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அதில்தான் கிடைத்தது. இன்று ஒரு கிளைச் செயலாளர் ஆலை வாசலில் நின்று தைரியமாகப் பேசுகிறார் என்றால், அதற்கு முன்பு இத்தனையும் நடந்திருக்கிறது.

அந்தச் சட்டம் நிர்வாகிகளுக்குப் பாதுகாப்பை மட்டும் தரவில்லை, கட்டுப்பாட்டையும் தந்தது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒழுக்கக் கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் குறிப்பிட்ட காலம் வரை பதவிக்கு வர முடியாது. நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலிலேயே வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். (2001இல் இது இன்னும் இறுக்கப்பட்டது.) சட்டமும் இப்போது தனியாக இல்லை. 2020இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தபோது, 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் கரைந்துபோனது.

ஒரு சுவையான செய்தி. 1926 சட்டத்தின்படி தொழிற்சங்கம் என்றால் தொழிலாளர் சேர்ந்தது மட்டுமல்ல, முதலாளிகள் தங்களுக்குள் சேர்ந்த அமைப்பும் அந்த வரையறைக்குள் வரும். அப்படிப் பார்த்தால் கொடும்பாளூர் மணிகிராமத்தையும் பதிவு செய்திருக்கலாம்! ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் சட்ட வரையறை வேறு, வரலாறு வேறு. சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியர் 1894இல் தொழிற்சங்க வரலாற்றை எழுதியபோது, ஐரோப்பாவின் பழைய கைவினைக் குழுக்களிலிருந்துதான் தொழிற்சங்கம் பிறந்தது என்ற கருத்தை மறுத்தார்கள். அந்தக் குழுக்களில் தலைமை முதலாளி கையில் இருந்தது, தொழிற்சங்கம் கூலிக்கு உழைப்பவனுடையது என்பது அவர்கள் வாதம். மணிகிராமத்துக்கும் இது பொருந்தும். வீரராகவ சக்கரவர்த்தியின் செப்பேடு என்று ஒன்று உண்டு. தரிசாப்பள்ளிச் செப்பேட்டுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. மகோதையர்பட்டினத்து இரவிக் கொற்றன் என்ற வணிகனுக்கு மணிகிராமப் பட்டத்தை அரசன் தருகிறான். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை என்று விருதுகள். தரகும் சுங்கமும் அவனுக்கு. கூடவே, வாணியரும் ஐவகைக் கம்மாளரும் அவனுக்கு அடிமை என்று ஒரு வரி.

கொல்லத்தில் குழுவின் பொறுப்பாக இருந்தது இங்கே ஒருவனின் பட்டமாகிவிட்டது. பொறுப்பு சுருங்க, குடையும் பல்லக்கும் பெருகுகின்றன. எண்ணெய் ஆட்டியவனுக்கும் இரும்பு அடித்தவனுக்கும் இந்தச் சங்கத்தில் உறுப்பினர் சீட்டு கிடையாது. அவன் சங்கத்தின் சொத்துப் பட்டியலில் இருந்தான். மணிகிராமத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. சங்க நிர்வாகியின் பொறுப்பு யாரிடம் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. உறுப்பினராக இருப்பவனிடம் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பிரான்மலைக் கல்வெட்டையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். மிளகுக்கு அங்கே பெயர் இருக்கிறது. கவரிமான் மயிருக்குப் பெயர் இருக்கிறது. கொடும்பாளூர் முச்சந்தியிலிருந்து காட்டு வழியே மூட்டை சுமந்து நடந்தவன் "தலைச்சுமை" என்ற ஓர் அளவாக மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறான், வண்டிச் சுமைக்கும் கழுதைப் பொதிக்கும் பக்கத்தில்.